புதிய எஸ்.யூ.வி. வண்டிக்கு ஏற்ற எஞ்சின் எண்ணெய்

சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் பல குடும்பங்கள் தங்கள் முதல் மோட்டார் வண்டியாக இன்று வாங்குவது எஸ்.யூ.வி. எனப்படும் உயர்ந்த அடித்தளமுடைய வண்டியையே. வண்டியுடன் தரப்படும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அதைப் படித்துச் சொல்லுமாறு பள்ளி ஆசிரியரையோ விரிவாக்கப் பணியாளரையோ நாடுவது வழக்கம். அவ்வாறு கேட்கப்படும் வினாக்களுள், எளியது போலத் தோன்றினும் விடை தவறினால் பெருஞ்செலவில் முடிவது ஒன்று உண்டு. இந்த வண்டிக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்பதே அவ்வினா.

குடியானவர் வீடாயின் அங்கு ஏற்கெனவே ஒரு டிராக்டர் இருக்கக்கூடும். அதற்கென வாங்கிய எண்ணெயில் ஒரு பகுதி டின்னில் மிஞ்சியிருக்கும். டிராக்டரும் டீசலில் ஓடுவது. புது வண்டியும் டீசலில் ஓடுவது. ஆகையால் அதையே இதற்கும் ஊற்றினால் என்ன என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது. முற்காலத்து வண்டிகளுக்கு இதனால் பெருந்தீங்கு விளைந்ததில்லை. இன்றைய வண்டிக்கு விளையக்கூடும். இதன் காரணத்தையும், சரியான எண்ணெயைத் தெரிந்தெடுக்கும் முறையையும் விளக்குவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

எண்ணெய்ப் படலம்

எஞ்சினின் உள்ளே உலோகப் பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கி இடைவிடாது இயங்குகின்றன. அவை நேராக உராய்ந்தால் சில நிமிடங்களில் உருகிப் பற்றிக்கொள்ளும். அவற்றைப் பிரித்து வைப்பது எண்ணெயின் முதற்கடமை.

இது நிகழும் விதத்தை 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீசாம்ப் டவர் என்னும் எஞ்சினீயர் தற்செயலாகக் கண்டறிந்தார். ரெயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் அத்துளை வழியே மேலேறி வழிந்தது. அதை மரத்தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இடுக்கினுள் இழுத்து, அங்கு மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கி, அந்த எண்ணெயின்மேல் மிதக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். படலத்தின் கனம் மூன்றைப் பொறுத்தது: அச்சின் வேகம், அதன்மேல் ஏறும் சுமை, எண்ணெயின் பிசுக்குமை. வேகமும் சுமையும் எஞ்சினை அமைத்தவராலும் வண்டியை ஓட்டுபவராலும் தீர்மானிக்கப்படுவன. எண்ணெய் வாங்குபவர் கையில் உள்ளது பிசுக்குமை ஒன்றே.

உராய்வைக் குறைப்பதோடு எண்ணெயின் வேலை முடிந்துவிடவில்லை. பிஸ்டனின் உஷ்ணத்தை அது வாங்கிச் செல்கிறது. கரியையும் கசடையும் தன்னுள் மிதக்கவைத்து வடிகட்டிக்குக் கொண்டுசேர்க்கிறது. எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலங்களைச் சமன்செய்கிறது. நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டையும் அதுவே தாங்குகிறது. இத்தனை வேலைகளும் வெறும் எண்ணெயால் நடைபெறா. அடிப்படை எண்ணெயுடன் பலவகை ரசாயனப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எந்தப் பொருள் எவ்வளவு சேர்க்கப்பட்டுள்ளது என்பதே ஓர் எண்ணெய்க்கும் மற்றோர் எண்ணெய்க்கும் உள்ள முக்கிய வேறுபாடாகும்.

டின்னின்மேல் உள்ள எண்

பிசுக்குமை என்பது ஒழுகுவதற்கு ஒரு திரவம் காட்டும் தடை. இதனைப் பாகுநிலை என்றும் வழங்குவர். தேன் மெதுவாகவும் தண்ணீர் விரைவாகவும் ஒழுகுவது இதனாலேயே. எண்ணெயைச் சூடாக்கினால் பிசுக்குமை விரைவாகக் குறையும்.

டின்னின்மேல் '5டபிள்யூ-30' என அச்சிட்டிருப்பதை யாவரும் பார்த்திருக்கலாம். எஸ்.ஏ.ஈ. என்னும் அமெரிக்கச் சங்கம் 1911-ஆம் ஆண்டில் தொடங்கிப் பலமுறை திருத்திய பகுப்பு முறையின் குறியீடு இது. இதில் வரும் 5 என்பதும் 30 என்பதும் உஷ்ணநிலைகள் அல்ல, அவை வகுப்பெண்களே. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் எளிதில் ஓடும். 5டபிள்யூ வகை, மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும் பம்பினால் இழுக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். 15டபிள்யூ வகைக்கு இந்த எல்லை மைனஸ் 25 டிகிரியே. பின்னெண் 100 டிகிரியில் உள்ள பிசுக்குமையைக் காட்டுவது. சதுர மில்லிமீட்டர் வீதம் ஒரு வினாடிக்கு என்னும் அலகில், 20-ஆம் வகுப்பு 6.9 முதல் 9.3 வரையிலும், 30-ஆம் வகுப்பு 9.3 முதல் 12.5 வரையிலும், 40-ஆம் வகுப்பு 12.5 முதல் 16.3 வரையிலும் அமையும். சாதாரண உஷ்ணநிலையில் தண்ணீரின் அளவு ஏறக்குறைய 1 என்பதை ஒப்புநோக்கலாம்.

வெயில் மிகுந்த நாட்டிற்குத் தடித்த எண்ணெயே ஏற்றது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் 51 டிகிரி பதிவாயிற்று. அத்தகைய ஊரில் 40-ஆம் வகுப்போ 50-ஆம் வகுப்போ வேண்டும் அன்றோ என வினவுவர். ஆனால் எண்ணெய் வேலை செய்யும் இடம் வெளிக்காற்று அன்று, எஞ்சினின் உட்புறம். அங்கு குளிர்விக்கும் நீரின் உஷ்ணநிலையைத் தெர்மாஸ்டாட் என்னும் கருவி 90 டிகிரிக்கு அருகிலேயே வைத்திருக்கிறது. எண்ணெயும் ஏறத்தாழ 100 டிகிரியில் நிலைபெறுகிறது. சிம்லாவில் ஓடினாலும் ஜெய்சல்மேரில் ஓடினாலும், எஞ்சின் சூடேறிய பின்னர் வேறுபாடு சிறிதே.

பெரிய வேறுபாடு காலையில் வண்டியைக் கிளப்பும் நேரத்தில்தான் உள்ளது. 100 டிகிரியில் 11 என்னும் பிசுக்குமையுடைய 5டபிள்யூ-30 எண்ணெய், 40 டிகிரியில் 60 அளவிற்குத் தடித்திருக்கும். 15டபிள்யூ-40 எண்ணெய் அதே 40 டிகிரியில் 110 வரை தடித்திருக்கும். கோடைக்காலக் காலைப்பொழுதிலும் எஞ்சினைப் பொறுத்தவரை எண்ணெய் மிகவும் கெட்டியே. கிளப்பிய முதல் சில வினாடிகளில் எண்ணெய் மேலே சென்று சேர்வதற்கு முன்னர் தேய்மானம் நேர்கிறது. ஆகவே முன்னெண் லடாக்கில் மட்டுமன்றி நாடெங்கும் பயனுடையதே. ஆயினும் குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே செல்லும் திராஸ் போன்ற இடங்களில் அது இன்றியமையாததாகிறது.

முற்காலத்து எஞ்சின்களில் இடைவெளிகள் பெரியவை. தேய்ந்த எஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். அதைக் குறைக்கத் தடித்த எண்ணெய் உதவியது. பழைய மெக்கானிக்குகளின் நம்பிக்கை அந்த அனுபவத்தில் பிறந்தது. அதைக் குறைகூற இடமில்லை. ஆனால் புதிய எஞ்சினின் இடைவெளிகள் நுண்ணியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவிகள் பலவும் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. அவற்றில் தேவைக்கு மேல் தடித்த எண்ணெய் தாமதமாகச் சென்று சேரும்; எரிபொருளையும் வீணாக்கும். தேவைக்கு மேல் மெலிந்த எண்ணெயோ சுமை மிகும்போது படலம் அறுந்து உலோகத்தைத் தேயவிடும். இரண்டிற்கும் இடைப்பட்ட சரியான அளவை அறிந்தவர் அந்த எஞ்சினை அமைத்துச் சோதித்தவரே.

தரக்குறி

பிசுக்குமை எண் ஒன்றை மட்டும் பார்த்து வாங்குவது, அரிசியின் எடையை மட்டும் கேட்டு ரகத்தைக் கேளாமல் வாங்குவதை ஒக்கும். எண்ணுடன் தரக்குறியையும் பார்த்தல் வேண்டும்.

ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய நிலையம் பெட்ரோல் எஞ்சினுக்குரிய எண்ணெய்களை 'எஸ்' என்னும் எழுத்தால் தொடங்கும் குறியாலும், டீசல் எஞ்சினுக்குரியவற்றைச் 'சி' என்னும் எழுத்தால் தொடங்கும் குறியாலும் காட்டுகிறது. பெட்ரோல் வரிசையில் இரண்டாவது எழுத்து ஆங்கில அகரவரிசையில் பின்னே செல்லச் செல்லத் தரம் புதியது. 'எஸ்.என்.' 2010-ஆம் ஆண்டிலும், 'எஸ்.பி.' 2020-ஆம் ஆண்டிலும், 'எஸ்.க்யூ.' 2025-ஆம் ஆண்டிலும் வந்தன. இவ்வரிசையில் புதியது பழையதன் இடத்தில் பயன்படும். பழையது புதியதன் இடத்தில் பயன்படாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதுமானது. டர்போவும் நேரடிப் பெட்ரோல் பீச்சும் அமைப்பும் உடைய சிறு எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் மிகுந்த சுமை ஏறும்போது, தீப்பொறி தோன்றுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. இதன் அதிர்ச்சியால் பிஸ்டனே உடையலாம். சிலிண்டருள் சிதறும் எண்ணெய்த் துளிகளும், தூய்மைக்காக எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சியப் பொருள்களும் இதற்குத் துணைபோகின்றன என ஆராய்ச்சியில் தெரியவந்தது. கால்சியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக மக்னீசியத்தைச் சேர்த்து இதைக் குறைக்கும் வழி கண்டனர். 'எஸ்.பி.' தரம் பெறுவதற்கு இதற்கான சோதனையில் தேறுதல் வேண்டும். 'எஸ்.எம்.', 'எஸ்.என்.' முதலிய பழைய தரங்களில் அச்சோதனை இல்லை.

ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தின் குறி ஏ.சி.ஈ.ஏ. என்பது. இதில் 'சி2', 'சி3' முதலிய வகைகள் புகைவழிச் சாதனங்களுக்குத் தீங்கு செய்யாதவாறு அமைக்கப்பட்டவை. இவ்விரண்டும் 5டபிள்யூ-30 என்னும் ஒரே எண்ணுடன் விற்கப்படலாம். ஆயினும் 150 டிகிரியில் மிகுந்த வேகத்தில் அளக்கும்போது 'சி2' குறைந்தது 2.9 என்னும் பிசுக்குமையும், 'சி3' குறைந்தது 3.5 என்னும் பிசுக்குமையும் உடையதாக இருத்தல் வேண்டும். எண் ஒன்றாயினும் எண்ணெய் ஒன்றன்று என்பது இதனால் விளங்கும்.

சாம்பலும் வடிகட்டியும்

டிராக்டர் எண்ணெயைப் பற்றிய முதல் வினாவிற்கு இப்போது விடை காணலாம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார்களின் புகைவழியில் நுண்துகள் வடிகட்டி அமைக்கப்பட்டது. புகைக்கரியைப் பிடித்து வைப்பது இவ்வடிகட்டியின் வேலை. கரி நிறைந்ததும் ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணம் உண்டாக்கப்பட்டு அது எரிக்கப்படுகிறது; வடிகட்டி மீண்டும் சுத்தமாகிறது.

எரியக்கூடியது கரி மட்டுமே, சாம்பல் எரியாது. கற்பூரம் எரிந்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. விறகு எரிந்தால் அடுப்பில் சாம்பல் மிஞ்சுகிறது. விறகில் உள்ள உலோகச் சேர்மங்களே அந்தச் சாம்பல். எஞ்சின் எண்ணெயில் சேர்க்கப்படும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் ஆகியவற்றின் சேர்மங்களும் இவ்வாறே. எந்த எஞ்சினிலும் சிறிதளவு எண்ணெய் எரிந்தே தீரும். அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கி, ஒருபோதும் நீங்காமல் நாளடைவில் அதை அடைக்கும்.

ஒரு கணக்கால் இதை விளக்கலாம். ஒரு வண்டி 10,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் எண்ணெயை எரிக்கிறது எனக் கொள்க. 1 லிட்டரின் எடை ஏறக்குறைய 850 கிராம். 'சி2', 'சி3' வகைகளில் சாம்பல் 0.8 சதவீதத்தை மீறலாகாது. எனவே 1 லிட்டருக்கு 6.8 கிராம். வடிகட்டி இல்லாத எஞ்சின்களுக்கான 'ஏ3/பி4' வகையில் சாம்பல் 1.6 சதவீதம் வரை இருக்கலாம், எனவே 13.6 கிராம். 1,00,000 கிலோமீட்டர் ஓடியபின் முன்னதில் சேரக்கூடியது 68 கிராம். பின்னதில் 136 கிராம். வடிகட்டியின் ஆயுள் பாதியாகக் குறைய இது போதும். புதிய வடிகட்டியின் விலையோ பல ஆண்டுகளுக்கு வாங்கும் எண்ணெயின் விலையை மிஞ்சுவது. தவறான எண்ணெயால் நேர்ந்த பழுதிற்கு உத்தரவாதமும் மறுக்கப்படலாம்.

டிராக்டருக்கென வாங்கிய 15டபிள்யூ-40 எண்ணெய் மட்டமானது என்பது இதன் பொருளன்று. வடிகட்டி இல்லாத அந்த எஞ்சினுக்கு அது மிகவும் ஏற்றதே. மிகுந்த சாம்பலைத் தரும் அதே பொருள்கள் அங்கு அமிலத்தைச் சமன்செய்து எஞ்சினைக் காக்கின்றன. ஓர் இடத்தில் காப்பது மற்றோர் இடத்தில் அடைக்கிறது, வேறுபாடு இவ்வளவே.

கையேட்டைப் படிக்கும் முறை

கையேட்டின் இறுதிப் பகுதியில் திரவங்களின் அட்டவணை ஒன்று இருக்கும். அதில் முறையே நான்கு செய்திகளைப் பார்த்தல் வேண்டும்: பிசுக்குமை எண், தரக்குறி, எண்ணெயின் அளவு, மாற்றும் காலம். ஒரே பெயருடைய வண்டி பெட்ரோலிலும் டீசலிலும் விற்கப்படுவதால், தன் வண்டியின் எஞ்சினுக்குரிய வரியைத்தான் படிக்கிறோமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வது நலம்.

டீசல் எஞ்சினுக்கு '5டபிள்யூ-30, ஏ.சி.ஈ.ஏ. சி3' எனக் கையேட்டில் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்க. கடையில் மூன்று டின்கள் உள்ளன. முதலாவது 15டபிள்யூ-40, டீசல் லாரிக்குரியது. எண்ணும் தரமும் பொருந்தவில்லை. இரண்டாவது 5டபிள்யூ-30, 'ஏ3/பி4'. எண் பொருந்துகிறது, தரம் பொருந்தவில்லை. மூன்றாவது 5டபிள்யூ-30, 'சி3', இரண்டும் பொருந்துகின்றன. மூன்றாவதே வாங்கத்தக்கது. மூன்றனுள் அது விலை மிகுந்ததாகவோ குறைந்ததாகவோ இருக்கலாம், அது கருதத்தக்கதன்று. கையேட்டில் உற்பத்தியாளரின் தனித் தர எண் குறிக்கப்பட்டிருந்தால், அந்த எண்ணும் டின்னின் பின்புறத்தில் இருத்தல் வேண்டும்.

சிந்தடிக் எண்ணெய், மினரல் எண்ணெய் என்ற பிரிவு அடிப்படை எண்ணெயைப் பற்றியது. சிந்தடிக் வகை உஷ்ணத்தில் எளிதில் கெடாது, குளிரில் உறையாது. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய வகைகளைச் சாதாரண மினரல் எண்ணெயிலிருந்து செய்ய இயலாது. ஆயினும் சிந்தடிக் என்ற சொல் தரக்குறிக்கு மாற்றாகாது. அச்சொல் பெரிதாக அச்சிடப்பட்டுத் தரக்குறி பொருந்தாத டின் பொருந்தாத டின்னே.

எண்ணெய் விற்கும் கம்பெனி எதுவாயினும், எண்ணும் தரமும் உண்மையாகப் பொருந்தினால் போதும். பழைய டின்களில் மட்டமான எண்ணெயை நிரப்பி விற்பதும் உண்டாதலால், மூடியின் முத்திரையைச் சோதித்து, ரசீதுடன் வாங்குதல் அவசியம்.

மாற்றும் காலமும் அளவும்

பல கையேடுகளில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது எண்ணெயை மாற்றுமாறு கூறப்பட்டிருக்கும். இதில் ஓராண்டு என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பள்ளிக்கும் கடைத்தெருவிற்கும் மட்டும் செல்லும் வண்டி ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டரே ஓடியிருக்கலாம். ஆனால் குறுந்தூரம் ஓடும் எஞ்சின் முழுச்சூடு அடைவதில்லை; எரிபொருளும் நீராவியும் எண்ணெயில் கலந்து தங்கிவிடுகின்றன. புழுதி, மலைப்பாதை, பாரம் இழுத்தல், இடைவிடாத நெரிசல் ஆகியவை கடினமான பயன்பாடாகக் கருதப்படும். அவற்றிற்குக் கையேடு குறுகிய காலத்தை விதிக்கும். எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்றுதல் முறை.

டீசல் வண்டியில் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். நுண்துகள் வடிகட்டியில் உள்ள கரியை எரிப்பதற்காகச் சில எஞ்சின்களில் சிறிது டீசல் கூடுதலாகப் பீச்சப்படுகிறது. வண்டி குறுந்தூரமே ஓடி, எரிப்பு பாதியில் நின்றுபோனால், அந்த டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலக்கும். அளவுக்கம்பியில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக உயரும். எண்ணெய் குறையவே இல்லை என்று மகிழ்வதற்குரிய செய்தியன்று அது. படலம் மெலிகிறது என்னும் எச்சரிக்கையாகும். மேற்கோட்டைத் தாண்டினால் உடனே பட்டறைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

மட்டத்தைச் சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தல் வேண்டும். கீழ்க்கோட்டிற்குக் குறைந்து, வழியில் உரிய எண்ணெய் கிடைக்காவிடில், நெருங்கிய வகை ஒன்றைச் சிறிது ஊற்றி ஊர் வந்து சேரலாம். பொருந்தாத எண்ணெயைவிட எண்ணெய் இல்லாமை கொடியது. எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், அவ்விடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுதல் வேண்டும்.

வடித்த பழைய எண்ணெய் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். அதை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றுவதும், மரத்திற்கும் வேலிக்கும் பூசுவதும் கிணற்று நீரைக் கெடுக்கும் செயல்கள். எண்ணெய் மாற்றிய பட்டறையிலேயே அதை ஒப்படைத்து, பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரச் செய்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

பிசுக்குமை உஷ்ணத்தால் மாறுவதை மாணவருக்கு எளிதில் காட்டலாம். ஊசி நீக்கிய ஒரு பெரிய சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, நுனியைக் கீழ்நோக்கி நிறுத்திப் புனலாகக் கொள்க. மூன்று கிண்ணங்களில் சம அளவு விளக்கெண்ணெய் எடுத்து, ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும், மற்றொன்றைச் சாதாரண நீரிலும், மூன்றாவதை வெந்நீரிலும் கால்மணி நேரம் வைத்திடுக. எண்ணெயை நேராக அடுப்பில் சூடாக்கலாகாது. பின்னர் ஒவ்வொன்றையும் சிரிஞ்சில் ஊற்றி, 10 மில்லிலிட்டர் ஒழுகிவிழும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து, உஷ்ணநிலைக்கு எதிராக வரைபடம் வரையச் செய்க. கோடு நேராக அமையாமல், தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து பின்னர் சாய்வதைக் காணலாம். குளிர்ந்த எஞ்சினுக்கும் சூடேறிய எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோட்டிலேயே அடங்கியிருக்கிறது.

முடிவு

எண்ணெய்களில் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற கேள்வியைவிடப் பொருந்துவது, பொருந்தாதது என்ற கேள்வியே பயனுடையது. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேமித்து வாங்கிய வண்டியின் ஆயுளும், அதன் பின்னே வரும் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றின் தூய்மையும் கையேட்டின் ஒரு வரியைச் சரியாகப் படிப்பதைப் பொறுத்துள்ளன. அந்த வரியை உரியவருக்குப் படித்துக்காட்டி, எண்ணையும் தரக்குறியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி வண்டியிலேயே வைக்கச் செய்தால், ஆசிரியரும் களப்பணியாளரும் ஆற்றிய உதவி பல ஆண்டுகளுக்கு நிற்கும்.